நோய் தாங்கும் மரத்துக்கு அனுமதி: மதிப்பாய்வு கேட்கும் கேள்வியும் கேட்காத கேள்வியும்

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் தம் மகளின் செயல்திட்டத்துக்காக ஒரு தாயார் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பூஞ்சை நோயைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்ட அமெரிக்கச் செஸ்நட் மரத்துக்கு 2020இலேயே அனுமதி கோரப்பட்டும் அந்த விவகாரம் ஏன் இத்தனை ஆண்டுகள் இழுபட்டது? அரசாங்க அமைப்புகள் அந்த மதிப்பாய்வில் உண்மையில் எதைப் பார்க்கின்றன? அப்படி ஒரு மரம் நாளை நம் சாலையோரத்துக்கு வருமானால் சிங்கப்பூரில் யார் முடிவெடுப்பார்கள்? மரநோய்களைப் பார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இவற்றுக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். அந்த மாணவிக்கு இது பயன்பட வேண்டும் என்பது ஒரு காரணம். இந்த விவாதத்தில் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் "மரபணு மாற்றம் ஆபத்து" அல்லது "அறிவியலின் வெற்றி" என்ற இரண்டு முனைகளில் நின்றுவிடுகின்றன என்பது இன்னொரு காரணம்.

முதலில் பதிலின் மையத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்குமுறை மதிப்பாய்வு கேட்பது "இந்த மரம் தீங்கு செய்யுமா?" என்ற கேள்வியை. மரத்தை நடப்போகிறவர் கேட்பது "இந்த மரம் பிழைக்குமா?" என்பதை. இவை இரண்டும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். செஸ்நட் மரத்தின் கதையில் நடந்த பெரிய சறுக்கல் அந்த இடைவெளியில்தான் நேர்ந்தது.

நம்மூரில் பொங்கலுக்குப் பின் சீனப் புத்தாண்டுச் சந்தை கூடும் நாள்களில் பெரிய இரும்புச் சட்டியில் கருமணலோடு புரட்டி வறுத்துத் தரும் செஸ்நட்டை நீங்கள் வாங்கியிருப்பீர்கள். அது சீனச் செஸ்நட். அமெரிக்கச் செஸ்நட் அதற்கு நெருங்கிய உறவு என்றாலும் வேறு இனம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஒருகாலத்தில் அது மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட பெருமரம். வீட்டுக்கு உத்தரம், வேலிக்குக் கம்பம், பன்றிக்கும் மானுக்கும் கரடிக்கும் தீனி, மலைக்கிராமத்து ஏழைகளுக்குக் குளிர்காலக் காசு என எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது. ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கன்றுகளோடு ஒரு பூஞ்சையும் கப்பலேறி வந்தது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குத் தோட்டத்தில் 1904இல் அதன் பாதிப்பை முதலில் கவனித்தார்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ 300 கோடி முதல் 400 கோடி மரங்கள் மடிந்தன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆசியச் செஸ்நட் மரங்கள் அந்தப் பூஞ்சையோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை, ஆகவே தாங்கிக்கொண்டன. அமெரிக்க மரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. இன்றும் அந்தக் காடுகளில் பழைய அடிமரங்களிலிருந்து துளிர்கள் கிளம்புகின்றன, ஏனென்றால் பூஞ்சை வேரைக் கொல்வதில்லை. துளிர் சில ஆண்டுகள் வளர்ந்து பட்டை சற்று முதிர்ந்ததும் நோய் மறுபடி பிடிக்கிறது. பெரும்பாலானவை காய்ப்பதற்கு முன்பே கருகிவிடுகின்றன.

அந்தப் பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டைக்குக் கீழே உள்ள உயிருள்ள திசுவைக் கொல்கிறது; செத்த திசுவுக்குள் பரவி, தண்டைச் சுற்றி வளைத்து, மேலும் கீழும் உணவு போகும் வழியை அறுக்கிறது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல் கல்லூரியில் வில்லியம் பாவெல், சார்ல்ஸ் மேனார்ட் ஆகியோர் தலைமையில் இயங்கிய குழு, கோதுமையிலுள்ள ஒரு மரபணுவைச் செஸ்நட்டுக்குள் செலுத்தியது. அது உருவாக்கும் நொதி, ஆக்சாலிக் அமிலத்தைக் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் உடைத்துவிடும். இந்த நொதி பூஞ்சையைக் கொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது பூஞ்சையின் ஆயுதத்தை மட்டும் மழுங்கடிக்கிறது. கொல்லும் மருந்து என்றால் தப்பிப் பிழைக்கும் வகை விரைவில் பெருகும். ஆயுதத்தை மட்டும் முடக்கினால் பூஞ்சை பட்டையின் மேற்புறத்தில் ஒண்டி வாழ்ந்துகொண்டே இருக்கலாம், ஆகவே எதிர்ப்பை முறியடிக்க வேண்டிய நெருக்கடி அதற்குக் குறைவு. சிந்தனை அளவில் இது மிக அழகான தீர்வு என்றே இன்றும் கருதுகிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மரபணு மாற்றப்பட்ட உயிர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1986இல் வகுத்த ஓர் ஒருங்கிணைப்பு ஏற்பாட்டின்படி, ஏற்கெனவே இருந்த சட்டங்களே மூன்று அமைப்புகளுக்கிடையே பகிர்ந்து பயன்படுத்தப்படுகின்றன. வேளாண் துறையின் விலங்கு, தாவர நலப் பிரிவு, "இந்தத் தாவரம் மற்றத் தாவரங்களுக்குப் பீடையாகுமா, அதாவது நோயோ சேதமோ விளைவிக்குமா?" என்று பார்க்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, மரத்துக்குள் உருவாகும் நோய்த்தடுப்புப் பொருளைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பரிசோதிக்கிறது. உணவு, மருந்து நிர்வாகம் கொட்டையை மனிதரும் கால்நடையும் உண்ணலாமா என்று ஆராய்கிறது.

வேளாண் துறையின் பார்வை எப்படிப் பீடையில் வந்து நின்றது என்பதை அந்த மாணவி கவனித்துப் படிக்க வேண்டும். மரத்துக்குள் புதிய மரபணுவைக் கொண்டுசேர்க்க அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரியைப் பயன்படுத்துவார்கள். அந்த மரபணுவை இயக்கும் விசையாகக் காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸின் சிறு துண்டைச் சேர்ப்பார்கள். இரண்டும் தாவரநோய்க் கிருமிகளிலிருந்து வந்தவை. எனவே பழைய விதியின்படி அந்த மரம் முழுவதும் "பீடையாக இருக்கக்கூடும்" என்ற ஐயத்துக்குள் வருகிறது. உருவாக்கியவர்கள், இது பீடையல்ல, ஆகவே இதைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவியுங்கள் என்று மனுச் செய்ய வேண்டும். மனு ஏற்கப்பட்டால் அந்த மரம் சட்டத்தின் பார்வையில் மற்ற மரங்களைப் போன்றதாகிவிடும். அதன்பின் எங்கே நட்டார்கள், எத்தனை பிழைத்தன, காட்டில் எவ்வளவு பரவியது என்று கண்காணிக்கும் கடமையை அந்த விடுவிப்பு எவர்மீதும் சுமத்துவதில்லை. கண்காணிப்போம் என்று உருவாக்கியவர்கள் தாமாக முன்வந்து சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் தாமாகத் தரும் வாக்கும் அனுமதியோடு பிணைந்த நிபந்தனையும் ஒன்றாகா.

சோளத்துக்கும் சோயாவுக்கும் இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தியது. அவை வயலில் விதைக்கப்பட்டு, சில மாதங்களில் அறுவடையாகி, அடுத்த ஆண்டு புதிதாக விதைக்கப்படுபவை. தவறு நேர்ந்தால் விதைப்பதை நிறுத்தினால் போதும். செஸ்நட் மனுவின் நோக்கமோ அதற்கு நேர்மாறானது. அந்த மரம் வேலி தாண்ட வேண்டும், காட்டுமரங்களோடு கலக்க வேண்டும், தன் மரபணுவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்த வேண்டும். வழக்கமாக ஆபத்து என்று பட்டியலிடப்படும் மரபணுப் பரவலே இங்கே திட்டத்தின் இலக்கு. அதனால்தான் வேளாண் துறை இதற்குச் சாதாரண மதிப்பீட்டோடு நிற்காமல், முழு அளவிலான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க முடிவெடுத்தது. தாமதத்துக்குப் பெரும் பங்கு இதனால் வந்தது.

டார்லிங் 58 என்று பெயரிடப்பட்ட வகைக்கான மனு 2020 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது 4,000க்கும் அதிகமான கருத்துகள் வந்தன. வரைவு அறிக்கைகள் 2022 நவம்பரில் வெளியாயின. அந்த மனுவோடு இணைக்கப்பட்ட சோதனைகளைப் படிக்கும் எவருக்கும் உழைப்பின் அளவு புரியும். உதிர்ந்த இலைகள் ஊறும் நீரில் வாழும் தவளைத் தலைப்பிரட்டைகள் அந்த இலையைத் தின்று எப்படி வளர்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். பம்பிள்பீ எனப்படும் காட்டுத் தேனீக்களுக்கு அந்த நொதி கலந்த மகரந்தத்தைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சருகு மக்கும் வேகம், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள், கொட்டையின் சத்துக் கூறுகள் ஆகியவற்றையும் விடவில்லை. கவலைப்படும்படியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்பதே முடிவு. கோதுமை, பார்லி போன்ற நாம் அன்றாடம் உண்ணும் தானியங்களில் அதே வகை நொதி இருப்பதால் உணவுப் பாதுகாப்புப் பக்கமும் பெரிய அச்சம் எழவில்லை.

பின்னர் 2023 டிசம்பரில் எல்லாம் தலைகீழானது. மரங்களின் மரபணுவை நுணுகிப் பார்த்த ஆய்வாளர்கள், தாங்கள் பல ஆண்டுகளாக டார்லிங் 58 என்று எண்ணி வளர்த்தும் கலந்தும் சோதித்தும் வந்தவை உண்மையில் டார்லிங் 54 என்ற வேறொரு வகை என்று கண்டுபிடித்தார்கள். பெயர்ப்பலகை மாறியது எப்போதோ, தெரியவந்தது அப்போது. இரண்டிலும் சேர்க்கப்பட்ட மரபணு ஒன்றுதான். ஆனால் அது போய் அமர்ந்த இடம் வேறு. டார்லிங் 54இல் அது செஸ்நட்டின் சொந்த மரபணு ஒன்றின் நடுவில் புகுந்திருந்தது. அது சால்1 எனப்படும் மரபணு, வறட்சி போன்ற நெருக்கடிகளைத் தாவரம் சமாளிப்பதோடு தொடர்புடையது. புகுந்த இடத்தில் ஆயிரத்துச் சொச்சம் டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள பகுதியும் விடுபட்டுப் போயிருந்தது.

செஸ்நட் மரத்தை மீட்பதற்காகவே 1983இல் தொடங்கப்பட்டு, இந்த ஆய்வுக்குப் பல்லாண்டு துணைநின்ற அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை, தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பெயர் மாறியது மட்டுமே அதற்குக் காரணமன்று. வயலில் நட்ட கன்றுகளில் நோய் தாங்கும் திறன் சீராக இல்லை, வளர்ச்சி குன்றியிருந்தது, சாவு விகிதம் கூடியிருந்தது என்று அது அறிவித்தது. நொதியை இராப்பகலாக எல்லாத் திசுக்களிலும் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் சுமையும் மரத்தைப் பலவீனப்படுத்துகிறது என்பது அறிவியலாளர் சிலரின் கருத்து. காயம்பட்ட இடத்தில் மட்டும் நொதி சுரக்கும்படி, பாப்லர் மரத்திலிருந்து எடுத்த வேறொரு விசையைக் கொண்டு புதிய வகை உருவாக்கப்பட்டு வருவதற்கு இதுவே அடிப்படை. கல்லூரி தன் மனுவைத் திரும்பப் பெறவில்லை. சேர்க்கப்பட்ட மரபணுவும் அது உருவாக்கும் நொதியும் மாறவில்லை, சோதனைகள் செய்யப்பட்டதே டார்லிங் 54 மரங்களில்தான் என்பதால் பாதுகாப்பு முடிவுகள் செல்லும் என்பது அதன் வாதம். வேளாண் துறையும் டார்லிங் 54 என்ற சரியான பெயரில் ஆவணங்களைத் திருத்தி, 2025 ஜூனில் மறுபடி வரைவு அறிக்கைகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அந்த வரைவும் மரம் பீடையாகும் வாய்ப்பில்லை என்ற திசையிலேயே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கும்படி அந்த மாணவியைக் கேட்டுக்கொள்கிறேன். ஆதரவாளர்களே கைவிட்ட ஒரு மரத்தை அரசாங்க அமைப்பு ஏற்கலாம் என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றும். சட்டத்தின்படி அதில் முரண் ஏதும் இல்லை. குட்டையாக வளரும் மரம், சீக்கிரம் சாகும் மரம், பீடை ஆவதில்லை. சொல்லப்போனால் பீடையாகும் வாய்ப்பு அதற்கு இன்னும் குறைவு. அந்த மரம் காட்டை மீட்குமா, நடுபவரின் நேரமும் நிலமும் வீணாகுமா, பிழைத்திருக்கும் காட்டு மரங்களின் வழித்தோன்றல்களுக்குள் பலவீனம் ஒன்று கலந்துவிடுமா என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டத்தில் உரிய இடம் இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2019இல் வெளியிட்ட வன நலமும் உயிர்த்தொழில்நுட்பமும் பற்றிய அறிக்கை இதைத்தான் சுட்டிக்காட்டியது: காட்டின் நலம் என்ற அளவுகோல் அந்த நாட்டின் உயிர்த்தொழில்நுட்ப விதிகளில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. நான் அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தீங்கைத் தேடுவதற்கு மட்டுமே ஏற்பட்ட கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு மீட்பு முயற்சியைப் பார்த்தால், அதன் நன்மையும் தெரியாது, அதன் தோல்வியும் தெரியாது.

வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பப்பாளி உதவும். தாவரவியல்படி பப்பாளி மரமல்ல, பெருஞ்செடி; ஆனாலும் நாம் மரமென்றே சொல்கிறோம். ஹவாய்த் தீவுகளின் பூனா பகுதியில் 1992இல் வளையப்புள்ளி வைரஸ் நுழைந்து தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவினர், அதே வைரஸின் புறவுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பப்பாளிக்குள் வைத்து எதிர்ப்பை உண்டாக்கினார்கள். 1996இல் வேளாண் துறையின் அனுமதி கிடைத்தது, 1998இல் விதை விவசாயிகள் கைக்குப் போனது. இவ்வளவு விரைவாக முடிந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அங்கே பப்பாளியோடு கலக்கும் காட்டு உறவினங்கள் இல்லை. செடியின் ஆயுள் சில ஆண்டுகள்தான். பயன் இருக்கிறதா என்று அறிய அரை நூற்றாண்டு காத்திருக்கத் தேவையில்லை. நோய் பிடித்த தோப்புக்கு நடுவே புதிய செடி பச்சையாக நிற்பதை ஒரே பருவத்தில் விவசாயி தன் கண்ணால் பார்த்தார். அப்படியிருந்தும் ஜப்பான் அந்தப் பழத்தை இறக்குமதி செய்ய ஒப்புக்கொண்டது 2011இல்தான். ஒரு நாட்டின் அனுமதி மற்ற நாட்டின் சந்தையைத் திறந்துவிடாது. சந்தையையே நம்பியிருக்கும் விவசாயிக்கு இரண்டும் வேண்டும்.

பிளம் மரத்தின் கதை இன்னொரு பாடம். பிளம் அம்மை வைரஸைத் தாங்கும் ஹனிஸ்வீட் என்ற பிளம் வகையை அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்களே உருவாக்கினார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் வயல் சோதனை நடந்தது, 2007இல் வேளாண் துறை அதை விடுவித்தது, மற்ற இரு அமைப்புகளின் ஒப்புதலும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. ஆனால் அமெரிக்காவில் அந்த வைரஸைப் பாதிக்கப்பட்ட தோட்டங்களின் மரங்களை வெட்டி அழித்தே ஒழித்துவிட்டார்கள். 2019இல் நாடு நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். எல்லாக் கதவும் திறந்தபின் நுழைய வேண்டிய தேவையே குறைந்துபோயிற்று. அந்த நோய் மறுபடி தலைதூக்கினால் கையில் ஒரு தீர்வு ஆயத்தமாக இருக்கிறது, அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

எதிர்ப்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் எல்லாரும் அறிவியலுக்குப் பகைவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. பல நூறு ஆண்டுகள் வாழும் மரத்தைச் சில ஆண்டுச் சோதனையை வைத்து எடைபோடுவது எப்படி என்பது நேர்மையான கேள்வி. மகரந்தமும் கொட்டையும் எல்லைக்கோடு பார்ப்பதில்லை. தங்கள் நிலத்தில் அந்த மரம் வேண்டாம் என்று கருதும் பூர்வகுடி மக்களின் உரிமை என்னவாகும் என்பது இன்னொன்று. உயிரியல் பன்முகத்தன்மை உடன்பாட்டின் உறுப்பு நாடுகள் 2008இல் பான் நகரில் கூடியபோது, மரபணு மாற்றப்பட்ட மரங்களில் முன்னெச்சரிக்கையோடு நடக்கும்படி கேட்டுக்கொண்டன. வனப் பொருள்களுக்குச் சான்றளிக்கும் எஃப்எஸ்சி அமைப்பும் தன் சான்று பெற்ற காடுகளில் அவற்றை அனுமதிப்பதில்லை. அதே சமயம், எதிர்ப்பாளர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மதிப்பாய்வு எதனோடு ஒப்பிட வேண்டும்? தீண்டப்படாத பழைய காடு இனி இல்லை. ஒரு பக்கம் புதிய மரம் இருக்கிறது, மறுபக்கம் மரமே இல்லாத காடு, அல்லது சீன மரத்தோடு பல தலைமுறை கலந்து ஆயிரக்கணக்கான வேற்று மரபணுக்களை ஏற்ற கலப்பினம். அந்தக் கலப்பினத்துக்கு எந்த மனுவும் தேவைப்படுவதில்லை. ஒரு மரபணு மாறினால் ஆண்டுக்கணக்கில் விசாரணை, ஆயிரக்கணக்கில் மாறினால் கேள்வியே இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

இனி நம் ஊர். இங்கே காலையில் சாலையோரம் முழுதும் மஞ்சள் பூக்களைக் கொட்டி வைத்திருக்கும் அங்சானா மரத்தைத் தெரியாதவர் இருக்க முடியாது. அது சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துக்கு அழகு சேர்க்கும் வேங்கையின் நெருங்கிய உறவு; இரண்டும் ஒரே பேரினம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விரைவாக நிழல் வேண்டும் என்பதால், பெரிய கிளைகளைப் போத்துகளாக வெட்டி நட்டு இந்த மரத்தைத் தீவெங்கும் பெருக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்சானா வாடல் நோய் வந்தது. மலாக்காவிலும் பினாங்கிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நிழல்மரங்களைக் கொன்ற பழைய நோய் அது. ஃபுசேரியம் என்ற பூஞ்சை காரணம் என்று பின்னர் இங்கே உறுதிசெய்தார்கள். மின்னல் தாக்கிய மரங்களிலும், மரத்தைத் துளைக்கும் நுண்வண்டுகள் வழியாகவும் அது பரவியது. தீர்வாக எவரும் மரபணுவைத் தொடவில்லை. நோய்ப்பட்ட மரங்களை உடனுக்குடன் அகற்றினார்கள், நோய் தாங்கிய மரங்களைத் தேர்ந்து பெருக்க முயன்றார்கள், ஒரே இனத்தை வரிசையாக நடும் வழக்கத்தைக் குறைத்துப் பல இனங்களைக் கலந்து நட்டார்கள். இது மலிவான, எளிய, அனுமதி தேவைப்படாத வழி. எந்த மரநோய்க்கும் முதலில் இந்த வழியைத்தான் முயன்று பார்க்க வேண்டும். ஒரு மில்லியன் மரங்களை நடும் இயக்கம் 2020இல் தொடங்கியபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வியும் எண்ணிக்கை பற்றியதல்ல. எத்தனை இனங்கள் என்பதுதான்.

ஆனால் அந்த எளிய வழி எடுபடாத நோயும் உண்டு. என் தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டப்புறத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பாலெடுத்தவர். விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன தலைமுறை அது. நம்மவர்கள் இலட்சக்கணக்கில் இந்த வட்டாரத்துக்கு வந்ததற்கே அந்த மரம் பெரிய காரணம். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்தவற்றிலிருந்து 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. ஆசிய ரப்பர்த் தோட்டங்களின் மரங்கள் பெரும்பாலும் அந்தக் குறுகிய மூலத்திலிருந்து பெருகியவை. தென்னமெரிக்காவில் ரப்பர் இலைகளைக் கருக்கி மரத்தைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் அமேசானில் தொடங்கிய பெருந்தோட்டம் தோற்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த நோய் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. நம் வட்டாரத்து மரங்களுக்கோ அதைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. 1904க்கு முந்தைய நிலையில் அமெரிக்கச் செஸ்நட் இருந்ததைப் போலத்தான் ஆசிய ரப்பர் இன்று நிற்கிறது. நோய் தாங்கும் ரப்பர் மரத்தை மரபணு மாற்றத்தால் உருவாக்கும் முயற்சி ஒருநாள் மனுவாக வந்தால் நான் வியப்படைய மாட்டேன். அந்த மனு முதலில் மலேசியாவிலோ தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோதான் வரும். ஆனால் கைவிடப்பட்ட பழைய தோட்டங்களின் மிச்சமாக நம் தீவின் காட்டோரங்களிலும் ரப்பர் மரங்கள் தாமாக முளைத்து நிற்கின்றன என்பதால், அது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் ஆகிவிடாது.

சிங்கப்பூரில் இதற்கான ஆலோசனை அமைப்பு 1999இல் ஏற்படுத்தப்பட்ட மரபணு மாற்ற ஆலோசனைக் குழு. வேளாண்மை தொடர்பான மரபணு மாற்றப்பட்ட உயிர்களை வெளியிடுவதற்கும், ஆய்வுக்கூடங்களில் அவற்றைக் கையாள்வதற்கும் அது வழிகாட்டி நெறிகளை வகுத்திருக்கிறது. அது ஆலோசனை சொல்லும் குழு. அதன் மதிப்பீட்டைப் பெற்று முடிவெடுப்பவை உரிய அரசாங்க அமைப்புகள். உணவாக வருமானால் சிங்கப்பூர் உணவு அமைப்பு, தாவர நலமும் சாலையோர மரமும் இயற்கை வனப்பகுதியும் என்றால் தேசியப் பூங்காக் கழகம். இங்கே இதுவரை நடைமுறையில் பெரும்பாலும் எழுந்தது சோயா, சோளம் போன்ற இறக்குமதி உணவுகள் பற்றிய கேள்விதான். உண்ணப்படும் பொருளை மதிப்பிடுவதில் நம்மிடம் அனுபவம் இருக்கிறது. நிலத்தில் வேரூன்றி, பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கப்போகும் மரத்தை மதிப்பிடுவது வேறு வகை வேலை. அதற்கான அளவுகோல்களை, மனு மேசைக்கு வருவதற்கு முன்பே வகுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோல்களில் எவை இருக்க வேண்டும் என்று மாணவி கேட்டால், செஸ்நட் விவகாரத்திலிருந்தே எடுத்துச் சொல்வேன். மனுவில் குறிப்பிட்ட வகைதான் வயலில் நிற்கிறது என்பதை, மரபணு அமர்ந்த இடத்தைப் படித்து, மனுதாரரைச் சாராத வேறோர் ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்த வேண்டும். அதுவும் மனு அளிக்கும்போது ஒருமுறை மட்டுமன்றி, கலப்பினத்தின் ஒவ்வொரு தலைமுறையிலும் செய்யப்பட வேண்டும். இந்த ஒரு சோதனை காலத்தே நடந்திருந்தால் பல ஆண்டு உழைப்பு தவறான பெயரில் ஓடியிருக்காது. அடுத்து, தீங்கின்மையோடு பயனையும் ஆராய வேண்டும்: மண், மழை, நிழல் என வெவ்வேறு இடங்களில் நட்டு, நோய் பிடிக்காத பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டு, வளர்ச்சியையும் சாவையும் பதிய வேண்டும். கண்காணிப்பை வாக்குறுதியாக விட்டுவிடாமல் அனுமதியின் பகுதியாகவே எழுதி, பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். முடிந்தவரை பல தாய்மரங்களோடு கலந்தபின்பே பெருமளவில் நட அனுமதிக்க வேண்டும். ஒரே மரத்தின் நகல்களைத் தீவெங்கும் நட்டால், ஒரு நோயைத் தாங்கினாலும் அடுத்த நோய்க்கு அவை ஒருசேரப் பலியாகும். அதை நாம் அங்சானாவில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

செயல்திட்டத்துக்கு ஒரு யோசனை. அமெரிக்க வேளாண் துறை 2022இல் வெளியிட்ட வரைவும் 2025இல் வெளியிட்ட வரைவும் இணையத்தில் எவரும் படிக்கக் கிடைப்பவை. இரண்டையும் அருகருகே வைத்து, மரத்தின் பெயர் மாறியபின் எந்தெந்தப் பகுதிகள் திருத்தப்பட்டன, எவை அப்படியே விடப்பட்டன என்று மட்டும் அவள் பார்த்து எழுதினால் போதும். அதில் ஐயம் எழும் இடங்களை எனக்கு அனுப்பட்டும். அவளோடு உட்கார்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.